பைலகுப்பே திபெத்திய மொழி: தொனியும் எழுத்தும்

1. முன்னுரை

கருநாடக மாநிலம் மைசூரு மாவட்டத்திலுள்ள பைலகுப்பேயில் 1961ஆம் ஆண்டு திபெத்திய அகதிகளுக்கான குடியிருப்பு நிறுவப்பட்டது. திபெத்தின் நடுப்பகுதி, காம், அம்தோ எனப் பல வட்டாரங்களைச் சேர்ந்தோர் அங்கு வாழ்கின்றனர். அவர்களிடையே பொதுமொழியாக வழங்குவது லாசா நகரப் பேச்சை அடியொற்றிய நடுத் திபெத்தியம். இது ஒரு தொனிமொழி. திராவிட மொழிகள் சூழ வழங்கும் இம்மொழியில் தொனி எவ்வாறு இயங்குகிறது, எதனால் தோன்றியது, அதற்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

2. தொனியின் பணி

தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் தொடரின் பொருளை வேறுபடுத்தும். 'வந்தான்' என்பதை ஏறிய குரலில் முடித்தால் வினா; இறங்கிய குரலில் முடித்தால் செய்தி. சொல்லின் அடிப்படைப் பொருள் மாறுவதில்லை. திபெத்தியத்திலோ தொனி சொற்பொருளையே மாற்றிவிடும். 'ங' என்பது தாழ்தொனியில் 'நான்' எனவும், உயர்தொனியில் 'ஐந்து' எனவும் பொருள்படும். 'ஷ' உயர்தொனியில் இறைச்சி, தாழ்தொனியில் தொப்பி. 'லா' தாழ்தொனியில் மலைக்கணவாயைக் குறிக்கும். 'நாதுலா' என்னும் பெயரின் ஈற்றில் உள்ளது இதுவே. 'லாமா' என்பதன் முதலசையோ உயர்தொனி பெறும்.

3. தொனியின் தோற்றம்

திபெத்திய எழுத்து கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்திய எழுத்துமுறையைத் தழுவி அமைக்கப்பட்டது. அதில் 30 மெய்யெழுத்துகளும் 4 உயிர்க்குறிகளும் உள்ளன, தொனிக்குறி இல்லை. எழுத்து அமைந்த காலத்து மொழியில் சொற்பொருளை வேறுபடுத்தியவை மெய்களே என்பது இதற்குக் காரணமாகும்.

'நான்' என்பது 'ங' என்றே எழுதப்படுகிறது. 'ஐந்து' என்பது 'ல்ங' என எழுதப்படுகிறது. 'லாமா' எழுத்தில் 'ப்லமா' ஆகும். முன்னின்ற மெய் பேச்சில் மறைந்தபோது, அது நின்ற சொல் உயர்தொனி பெற்றது. முன்மெய் இல்லாத மூக்கொலியும் லகரமும் தாழ்தொனி பெற்றன. அவ்வாறே, ஒலிப்பிலா மெய்யால் தொடங்கிய 'இறைச்சி' உயர்தொனியையும், ஒலிப்புடை மெய்யால் தொடங்கிய 'தொப்பி' தாழ்தொனியையும் அடைந்தன. ஆக்கமொழி படைப்போர் தொனியைத் தம் விருப்பப்படி சொற்களுக்கு ஏற்றலாம். இயற்கை மொழியில் அது இழந்த மெய்களின் எச்சமாக அமைதல் உண்டு.

கிளைமொழி ஒப்பீடு இதனை உறுதிப்படுத்துகிறது. 'எட்டு' என்பதன் எழுத்துவடிவம் 'ப்ர்க்யத்'. லாசாப் பேச்சில் அது ஏறத்தாழ 'கியே' என்றாகிறது. லடாக்கியில் 'ர்க்யத்' என மெய்ம்மயக்கத்தோடு ஒலிக்கிறது. மெய்ம்மயக்கங்களைப் பெரிதும் பேணும் லடாக்கி, பல்தி, அம்தோ ஆகியவற்றில் தொனி வேறுபாடு இல்லை.

4. இலக்கணக் கூறுகள்

வினை இறுதியில் நிற்பதும், உருபுகள் பெயருக்குப் பின் வருவதும் தமிழை ஒத்தவை. ஆயின் பெயரடை பெயருக்குப் பின்னரே வரும். வினை திணை, பால், எண் ஈறுகளை ஏற்பதில்லை. அதற்கு மாறாக, பேசுவோன் செய்தியை அறிந்த முறையை வினை காட்டும். 'ங பொபா யின்' (நான் திபெத்தியன்), 'கோ பொபா ரே' (அவன் திபெத்தியன்) என்னும் தொடர்களில், தன்னைப் பற்றிய அறிவுக்கு 'யின்' என்பதும் பிறரைப் பற்றிய அறிவுக்கு 'ரே' என்பதும் வருகின்றன. முன்னிலையாரை வினவும்போதும் 'யின்' வரும். விடையளிப்போர் தம்மைப் பற்றிக் கூறப்போவதே காரணம். கண்டறிந்த இருப்பை 'துக்' என்பதும், பொதுவாக அறியப்பட்டதை 'யோரே' என்பதும் உணர்த்தும்.

5. முடிவுரை

பேச்சில் 'ங' எனக் கேட்கும் குழந்தை 'ல்ங' என எழுதப் பழக வேண்டியுள்ளது. ஒலிப்புக்கேற்ப எழுத்தைத் திருத்தினால் கற்றல் எளிதாகும் எனத் தோன்றலாம். ஆனால் ஒலிக்கப்படாத அந்த லகரமே உயர்தொனியைக் காட்டும் குறியாகும். அதை நீக்கினால் புதியதொரு குறி வேண்டிவரும். மேலும், தொனியுடைய லாசாப் பேச்சினரையும் தொனியற்ற அம்தோப் பேச்சினரையும் இணைப்பது இப்பொது எழுத்தே. தாயகத்தை நீங்கி ஒரே குடியிருப்பில் வாழ்வோருக்கு இவ்விணைப்பு இன்றியமையாதது. ஆதலின், ஒலியா எழுத்துகளை வீண்சுமை எனக் கருதாமல், அவற்றைத் தொனியை அறிவிக்கும் குறிகளாகக் கற்பிப்பதே பொருத்தமான முறை எனலாம்.