பொம்பளைப் பேச்சு, ஆம்பளைப் பேச்சு

கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி பேர்க் கணக்கைப் பற்றிப் பட்டென்று கேட்டால், "பொம்பளை இப்படியா பேசுறது?" என்கிறோம். பெண்ணுக்குப் பிறவியிலேயே மெல்லிய பேச்சு என்று நினைப்பு.

மடகஸ்கார் தீவில் கதையே வேறு. அங்கே மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் எலினோர் கீனன் என்ற ஆய்வாளர் தங்கியிருந்து பார்த்ததை 1974இல் எழுதினார். அந்த ஊர் ஆம்பளைகள் எதையும் நேரே சொல்லமாட்டார்கள். சுற்றிவளைத்து, பழமொழி போட்டு, யார் மனமும் நோகாமல் பேசுவார்கள். கோபத்தை வெளியே காட்டுவது அவர்களுக்கு வெட்கக்கேடு. தப்புச் செய்தவரை முகத்துக்கு நேரே கேட்பது, சந்தையில் பேரம் பேசுவது எல்லாம் பொம்பளைகள் பாடு. நேராகக் கேட்கவேண்டிய இடமென்றால் பெண்களைத்தான் தேடுவார்களாம்!

அதனால் பெண்களுக்கு மதிப்புக் கூடிற்றா? அதுதான் இல்லை. சுற்றிப் பேசுவதே நல்ல பேச்சு என்பது அந்த ஊர் வழக்கம். ஆகவே 'கபாரி' என்ற சடங்குப் பேச்சு அப்போது ஆண்களுக்கே உரியதாக இருந்தது; நேரே பேசுகிற பெண்ணுக்கு அதில் இடமிருக்கவில்லை.

அமெரிக்கப் பெண்களைப் பற்றி ரொபின் லேக்கொஃப் 1975இல் எழுதியது இதற்கு நேர்மாறு. அங்கே சின்ன வயசிலிருந்தே பணிவாக, தயங்கித் தயங்கிப் பேசத்தான் பெண்ணைப் பழக்குகிறார்கள். அப்புறம், தயங்குகிறாள் என்று சொல்லியே அவள் பேச்சைத் தள்ளிவிடுகிறார்கள்.