ஏரி காத்தவர்கள்: மதுராந்தகம், உத்திரமேரூர், வேடந்தாங்கல் – ஒரே நாளில்

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு. லேக் எங்க? நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு இருக்கு. அந்த ஏரிக்கரை எங்க?

பதில்: நாம அதுக்கு மேலதான் குடியிருக்கோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் ‘லாங் டேங்க்’ என்று ஒரு நீளமான ஏரி இருந்தது. 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரிப் பரப்பில்தான். நான் அபிராமபுரத்தில் உட்கார்ந்து இதைப் பதிவு பண்றேன். தி.நகருக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒரு தடவைகூட காலுக்குக் கீழ ஏரி ஞாபகம் வந்ததில்லை.

ஏரி காணாமல் போன ஊர்ல வளர்ந்ததால, ஏரின்னா ஓரமா நின்னு போட்டோ எடுக்கிற இடம்னுதான் நமக்குத் தோணும். அது எப்படி வேலை செய்யும், யார் பார்த்துப்பாங்க, இல்லாம போனா என்ன ஆகும் – இதெல்லாம் தெரியணும்னா கொஞ்சம் தெற்கே போகணும். சென்னையிலிருந்து 80, 90 கிலோமீட்டருக்குள் மூன்று ஊர்கள்: மதுராந்தகம், உத்திரமேரூர், வேடந்தாங்கல். பொதுவா உத்திரமேரூரை ‘வரலாறு’ன்னும் வேடந்தாங்கலை ‘இயற்கை’ன்னும் பிரிச்சு, ரெண்டு வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமையில போவாங்க. இரண்டும் ஒரே கதை என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வருவது. அந்தக் கதையின் பெயர் ஏரி.

ஏரி தானா வந்தது இல்லை

முதல்ல அடிப்படை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பெரிய ஆறு என்றால் பாலாறுதான். அதுவும் வருஷத்தின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். அந்த சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கு நெல்.

நிலமோ மெதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே வில் மாதிரி வளைத்து ஒரு மண்கரை போட்டால், மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதில் தேங்கும். வயலுக்குத் தண்ணீர் விட மதகு. கொள்ளளவுக்கு மேல் வந்தால் கரை உடையாமல் வெளியேற்றக் கலங்கல். அந்த உபரி நீர் வாய்க்கால் வழியாகக் கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. சங்கிலி மாதிரி.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது ஒரு பஃபர். டிராஃபிக் திடீர்னு எகிறும்போது வாங்கி வச்சுக்கிட்டு, அப்புறம் நிதானமா கொடுக்கும். நிரம்பி வழிஞ்சா அடுத்த சர்வருக்கு. ஆனால் இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. வருஷா வருஷம் வண்டல் படியும், தூர் வாரணும். கரையில் ஓட்டை விழும்; அடைக்கணும். மதகை யாருக்கு முதலில் திறப்பது என்று தகராறு வரும், தீர்க்கணும். அதாவது ஏரியைக் கட்டுவது ஒரு தடவை வேலை. பராமரிப்பது தலைமுறை தலைமுறையான வேலை. அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதற்கான விடைகள்தான் இந்த மூன்று ஊர்களும்.

மதுராந்தகம்: கரை உடையுமா?

முதல் நிறுத்தம் மதுராந்தகம். ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே வரும். அந்தப் பகுதியின் பெரிய ஏரிகளில் ஒன்று இது. சோழர் பட்டப்பெயரான மதுராந்தகன் என்பதுதான் ஊருக்கும் பெயர். அங்கே இருக்கும் ராமர் கோயிலின் சாமி பெயரைக் கவனிங்க: ஏரி காத்த ராமர்.

ஊரில் சொல்லும் கதை இது. 1790களில் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர். அதன் கலெக்டர் லயோனல் பிளேஸ். ஏரிக்கரை அடிக்கடி உடைந்துகொண்டே இருந்ததாம். கோயில்காரர்கள் தாயார் சன்னதி கட்ட உதவி கேட்டபோது, ‘உங்க சாமி இந்தக் கரையைக் காப்பாத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்றாராம். ஒரு அடைமழை இரவில் கரை நிற்கிறதா என்று பார்க்கப் போனவர், கையில் வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். கரை உடையவில்லை. சன்னதி எழுந்தது. பிளேஸ் பெயர் சொல்லும் கல்வெட்டு இன்றும் அந்தத் தாயார் சன்னதியில் இருக்கு.

நம்புவதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு இதில் பிடித்தது வேற ஒண்ணு. ஒரு ஊர் தன் சாமியிடம் கேட்ட பெரிய வரம் ‘கரை உடையக்கூடாது’ என்பதுதான். மழைக்கால இரவில் அந்த ஊருக்கு எது பெரிய பயம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிளேஸ் பெயரை ஞாபகத்தில் வைங்க, திரும்ப வருவார்.

உத்திரமேரூர்: ஏரிக்கு ஒரு கமிட்டி

அங்கிருந்து மேற்கே உத்திரமேரூர். இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919-ம் 921-ம். ஸ்கூல் புத்தகத்தில் ‘பழந்தமிழர் தேர்தல் முறை’ என்று ரெண்டு வரியில் படிச்சிருப்போம். சுவரில் இருப்பது அதைவிட நுணுக்கமானது.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாங்க வேண்டும். கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வச்சிருக்கக் கூடாது இல்லையா, அதுக்குத்தான். 1100 வருஷத்துக்கு முன்னாடியே ‘ஏமாத்த எப்படி வழி இருக்கு’ன்னு யோசிச்சு அதை அடைச்சிருக்காங்க.

921-ம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடம் கிடையாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் கிடையாது. பதவிக்காலம் 360 நாள்.

இப்படித் தேர்ந்தெடுத்து என்ன செய்தார்கள்? இங்கேதான் நம் கதை வருகிறது. சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், 12 பேர். தோட்ட வாரியம் 12 பேர். ஏரி வாரியம் 6 பேர். ஏரிக்கென்றே தனியாக ஒரு கமிட்டி! இன்னொன்று: ஆண்டு வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்களையும் மூத்தவர்களையும் எடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்ட அனுபவம், ஊரைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு தகுதி.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடணும். இதை ‘உலகின் முதல் ஜனநாயகம்’னு வாட்ஸ்அப்பில் சுத்த விடுவாங்க. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் குடத்தில் ஓலை. வயலில் இறங்கி உழைத்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. அதை மறந்துட்டுப் பெருமைப்பட வேண்டாம். கணக்குக் காட்டாதவரைத் தள்ளி வைத்த அந்த விதியை மறக்கவும் வேண்டாம்.

பக்கத்தில் சுந்தரவரதப் பெருமாள் கோயில் இருக்கு. மூன்று தளங்களுக்கும் மேலே ஏறிப் பார்க்கலாம். மதியம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே போயிடுங்க.

வேடந்தாங்கல்: எச்சம் என்கிற உரம்

சாயங்காலத்துக்கு வேடந்தாங்கல். தாங்கல் என்றாலே சின்ன ஏரிதான். வெறும் 30 ஹெக்டேர். அதற்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரிலேயே நிற்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் கூட்டுக்குப் பாதுகாப்பு. மழை முடிந்து ஏரி நிறைந்ததும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று வந்து கூடு கட்டும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை.

ஒரு பொதுவான தப்பு: ‘எல்லாம் சைபீரியாவிலிருந்து வருது’ என்பது. இங்கே மரத்தில் கூடு கட்டும் பெரிய பறவைகள் எல்லாம் நம்ம நாட்டில் வாழ்பவைதான். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலம் கழிக்க வருகின்றன. முட்டையிடுவது அவற்றின் சொந்த ஊரில். அந்த வாத்துகளைப் பார்க்க சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கரிக்கிலி ஏரி நல்ல இடம். 2022-ல் இரண்டும் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தன.

சரி, இந்த ஊர் ஏன் பறவையைக் காப்பாத்துச்சு? பக்தி, பாசம் எல்லாம் இருக்கலாம். அதோடு ஒரு கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் மதகு வழியாக நெல் வயலுக்குப் போகிறது. பாசனத்தோடு உரமும் இலவசம்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் துப்பாக்கியோடு வந்தவர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டதாகச் சொல்வார்கள். பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்து அவர் உத்தரவு போட்டார். அந்த கலெக்டர்? அதே லயோனல் பிளேஸ். 1858-ல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவல் காப்பது அங்கே பழைய பழக்கம்.

30 ஹெக்டேரும் 5 கிலோமீட்டரும்

இப்போ முக்கியமான விஷயம். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தில் உள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் வெளிப்பக்கத்து 2 கிலோமீட்டர் வளையத்தை அதிலிருந்து நீக்கும் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, பிறகு அது கைவிடப்பட்டது. ‘ஏரியைத்தான் யாரும் தொடலையே, ரெண்டு கிலோமீட்டர்ல என்ன போயிடும்’ என்று அப்போது நிறைய பேர் கேட்டாங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம் 5 என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர கிலோமீட்டர். ஆரம் 3 என்றால் சுமார் 28. போவது ‘ரெண்டு’ இல்லை, 64 சதவீதம். ஏரி மட்டும் எவ்வளவு? 0.3 சதுர கிலோமீட்டர். மொத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை.

அந்த 30 ஹெக்டேரில் இத்தனை பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் சாப்பாடு எப்படிக் கிடைக்கும்? கிடைக்காது. வேடந்தாங்கல் ஏரி படுக்கையறை, சமையலறை வெளியே. சுற்றியிருக்கும் ஏரிகளும் நெல் வயல்களும்தான் அது. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை தேடும். கூழைக்கடா மீன் இருக்கிற ஏரியைத் தேடிப் பறக்கும். அந்த ஏரியில் கழிவு கலந்தால், வயல் பிளாட் ஆனால், வேடந்தாங்கல் மரங்கள் அப்படியே நிற்கும். கூடு மட்டும் இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 5 கிலோமீட்டருக்குள் கிராமங்கள் இருக்கு, மக்கள் இருக்காங்க. கட்டுப்பாட்டின் சுமை அவர்கள் தலையில்தான் விழும், பைனாகுலரோடு போய்த் திரும்பும் நம் தலையில் இல்லை. எச்சம் உரமான வரைக்கும் பறவையால் ஊருக்கு நேரடி லாபம் இருந்தது. இன்று உரம் மூட்டையில் வருகிறது. அந்தப் பழைய கணக்கின் இடத்தில் ஊருக்குப் புதிதாக என்ன கொடுக்கப் போகிறோம் என்பதுதான் உண்மையான கேள்வி. சட்டம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை.

போறவங்களுக்கு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்க. மழை சரியாப் பெய்யாத வருஷம்னா, ஏரியில் தண்ணீர் இருக்கான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. காலையில் சீக்கிரம் மதுராந்தகம், 9 மணிக்குள் உத்திரமேரூர், மதியத்துக்கு மேல் கரிக்கிலி, 4 மணிக்கு வேடந்தாங்கல். வெளியே மேயப் போன பறவைகள் சாயங்காலம்தான் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் சட்டை. ஸ்பீக்கர் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பறவை திரும்பி வரும்போது ஒரு வேலை செய்யுங்க. எந்தத் திசையிலிருந்து வருதுன்னு பாருங்க. அந்தத் திசையில் இன்னும் ஒரு ஏரி உயிரோடு இருக்குன்னு அர்த்தம்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு எலக்ட்ரிக் டிரெயினில் போறப்ப பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரும். போர்டைப் படிச்சுப் பாருங்க. கடைசி நாலு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.