விதை நெல் முளைப்புச் சோதனை: பத்து விதை போதுமா?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுவடை முடிந்த சில வாரங்களில் பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராக வேண்டும். சொந்த விதை நெல் வைத்திருக்கும் விவசாயிகள் அதன் முளைப்புத் திறனை முன்கூட்டியே சோதிப்பது நல்ல வழக்கம். ஆனால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஒன்பது முளைத்ததும் '90 சதவீதம்' என்று முடிவு கட்டுவது சரியல்ல. நாற்று பற்றாமல் போனால் விதைச் செலவுடன் பருவமும் தவறும்.

கீழ் எல்லை, மேல் எல்லை

ஒரு மூட்டையில் பல லட்சம் நெல்மணிகள் உள்ளன. அதிலிருந்தே வேறு பத்து விதை எடுத்தால் ஏழும் முளைக்கலாம், பத்தும் முளைக்கலாம். எனவே முளைப்புத் திறனை ஒரே எண்ணாகக் கொள்ளாமல், இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 100 முறை சோதித்தால் சுமார் 95 முறை உண்மை நிலை அடங்கும் எல்லைகள் வருமாறு:

10 விதையில் 9 முளைத்தால்: 60 முதல் 98 சதவீதம்.
100 விதையில் 90 முளைத்தால்: 83 முதல் 94 சதவீதம்.
400 விதையில் 360 முளைத்தால்: 87 முதல் 93 சதவீதம்.

சாதாரணக் கணக்கு முறை குறைந்த விதைகளுக்குப் பொருந்தாது. பத்தும் முளைத்தால், மூட்டை முழுவதும் முளைக்கும் என்றே அது காட்டிவிடும். அமெரிக்க அறிஞர் எட்வின் வில்சன் 1927-ல் வகுத்த முறையில் இக்குறை இல்லை. மேற்கண்ட எல்லைகள் அம்முறைப்படி கணக்கிட்டவை.

விதைக்கலாமா?

சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். விதைப்பவருக்கு மேல் எல்லையால் பயனில்லை. கீழ் எல்லை 80-ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. 100 விதைச் சோதனையில்,

88 அல்லது அதற்கு மேல் முளைத்தால் தயங்காமல் விதைக்கலாம்.
73 முதல் 87 வரை என்றால் உறுதி சொல்ல இயலாது. மேலும் 300 விதைகளைச் சோதிக்க வேண்டும். அல்லது விதையளவைக் கூட்ட வேண்டும். உதாரணமாக 78 முளைத்தால் கீழ் எல்லை சுமார் 69. ஏக்கருக்கு 24 கிலோ தேவைப்படும் அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கு சுமார் 28 கிலோ விதைக்க வேண்டும்.
72 அல்லது அதற்குக் கீழ் என்றால் வேறு விதை தேடுவதே நல்லது.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் நெல் எடுத்துக் கலக்க வேண்டும். திரட்சியான மணிகளைப் பொறுக்கி எடுத்தால் எந்தக் கணக்கும் பயன் தராது. வேரும் தண்டும் நன்கு வளர்ந்த நாற்றுகளை மட்டுமே எண்ண வேண்டும். நெல்லுக்கு இறுதிக் கணக்கு 14-ஆம் நாள் என்பதால் விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும்.

புதிதாக அறுத்த கார் நெல்லில் விதை உறக்கம் இருக்கக்கூடும். அதனால் முளைப்புக் குறைந்தால், விதை கெட்டுவிட்டது என்று ஒதுக்காமல், சில நாள் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம். அங்கு 400 விதைகளை நூறு நூறாக நான்கு பகுதிகளாக வைத்துச் சோதிப்பார்கள்.