உப்பு கசியும் காலம்

ஐப்பசி பிறந்ததும் சமையலறையில் உப்புச் சாடி கசியத் தொடங்கும். நேற்றுவரை மணல்போல் உதிர்ந்த உப்பு விரலில் ஒட்டும். சாடியின் அடியில் நீர் கட்டும். மழை பெய்யாத நாளிலும் இது நிகழ்வதுண்டு. காற்றில் உள்ள நீராவியை உப்பு தன்பால் இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். இவ்வீர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை தூய சோற்றுப்பு உலர்ந்தே கிடக்கும். அதனைத் தாண்டியதும் கரையத் தொடங்கும்.

இதனை மரக்காணத்து உப்பளத் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்து உப்பு விளைச்சலில் பெயர்பெற்ற இவ்வூரில், ஏறத்தாழ 3,500 ஏக்கர் பரப்பில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் சிலர். தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். வாரிக் குவித்த உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் இட்டு மூடிவைப்பர்.

உப்பு கசியும் அதே காற்றுதான் உப்பளங்களுக்கு மேற்கே உள்ள நிலங்களின்மீதும் வீசுகிறது. அங்குக் களத்துமேடுகளில் காய்ந்து கொண்டிருப்பது நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்று வழங்கிய பெயர் இவ்வட்டாரத்தார் நாவில் தேய்ந்து 'மல்லாட்டை' ஆகியது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பல கடலை வகைகளை வெளியிட்டுள்ளது, டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ஆகிய வகைகளின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலையைப் பிடுங்கிக் காயவைக்கும் வேளையும் மழை தொடங்கும் வேளையும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து நிற்கும். காய் உலருமுன் வானம் மூடினால் பருப்பின்மேல் பசுமஞ்சள் நிறத்தில் பொடிபோலப் பூசணம் படரும். உழவர் அதைத் துடைத்துவிட்டு மீண்டும் வெயிலில் இடுவர். பூசணம் மறைந்துவிடும், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு மறைவதில்லை.

அப்பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின். பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சின் பெயரும் பிறந்தது. இதனை உலகம் அறிந்துகொண்டது மனிதரின் உணவால் அன்று, கோழித் தீவனத்தால். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படாமையால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். இறுதியில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெளிந்தது. பிண்ணாக்கிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு புறஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தது. நீலமாக ஒளிர்வதற்குப் பி என்றும் பச்சையாக ஒளிர்வதற்கு ஜி என்றும் பெயரிட்டனர். அவற்றுள் பி1 மிகக் கொடியது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளாடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துள்ளது. அது தாக்கும் உறுப்பு கல்லீரல்.

பறவைகளுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரக்கூடும் என்பதை இந்தியா 1974இல் கண்டது. குசராத்தின் பஞ்சமகால், இராசசுத்தானின் பன்சுவாரா மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் பருவம் தவறிய மழை பெய்தது. மக்காச்சோளக் கதிர்கள் நனைந்தன. நனைந்த சோளத்தையே மக்கள் சேமித்து உண்டனர். வேறு தானியம் வாங்க வசதியற்ற பழங்குடியினர் அவர்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் ஊர் ஊராகத் தோன்றின. அதே உணவை உண்ட நாய்களும் அதே நோயால் மாண்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 397 பேர் நோயுற்றதையும் அவர்களுள் 106 பேர் இறந்ததையும் பதிவு செய்தனர். அச்சோளத்தில் கிலோ ஒன்றுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்று இந்தியாவில் தானியங்களுக்கு ஒப்பப்பட்டுள்ள உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். இரண்டையும் ஒப்பிட்டால், அம்மக்கள் உண்டது எல்லையைக் காட்டிலும் 400 முதல் 1,000 மடங்கு வரை ஆகும்.

இத்தகைய பெருங்கேடு அரிதாகவே நிகழும். நாள்தோறும் சிறிது சிறிதாக உடலுள் புகும் நஞ்சே பரவலானது. அது வலியோ காய்ச்சலோ தராமல் ஆண்டுக்கணக்கில் கல்லீரலைத் தேய்க்கும். கல்லீரல் அழற்சி பி என்னும் வைரசு நோய் உள்ளவர்க்கு அதன் தீங்கு பன்மடங்கு பெருகும். நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கசந்த கடலையைத் துப்பிவிடுவது நல்ல பழக்கம்தான். கசக்காத கடலை தூயது என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. சமைத்தால் நீங்கிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. அஃப்ளாடாக்சின் சிதைவதற்கு ஏறத்தாழ 240 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். கொதிக்கும் நீரோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மணலில் வறுத்தால் ஒரு பகுதி குறையலாம், முழுதும் அழியாது.

நஞ்சு ஒரு மூட்டையில் பரவியிருக்கும் முறை வியப்புக்குரியது. ஆயிரம் பருப்புகளில் பூசணம் தொட்டது ஒன்றிரண்டாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்றே போதும். கடுமையாகத் தாக்கப்பட்ட ஒரு பருப்பில், கிராமுக்கு ஒரு மில்லிகிராம் வரை நஞ்சு சேர்ந்திருந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். அரை கிராம் எடையுள்ள அத்தகைய பருப்பு ஒன்றில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். அதனை நல்ல பருப்போடு சேர்த்து அரைத்தால், 33 கிலோ மாவு முழுவதையும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கே கொண்டுவந்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவிட்டு மூட்டை நல்லது என்று கூற முடியாமைக்கு இதுவே காரணம். சுருங்கியும் நிறம் மாறியும் முளைவிட்டும் இருக்கும் பருப்புகளைக் கையால் பொறுக்கி நீக்குவது எளிய வேலைபோல் தோன்றும். முறத்தின்முன் அமர்ந்து அதைச் செய்யும் பெண்களே நஞ்சின் பெரும்பகுதியை உணவிலிருந்து விலக்குகின்றனர். அவர்களின் கூலி இவ்வுண்மையை அறிந்து தரப்படுவதாகத் தெரியவில்லை.

பொறுக்கி நீக்கிய சொத்தைப் பருப்பு எங்கே போகிறது? இவ்வினாவிடத்தில்தான் மனித உணவும் மாட்டுத் தீவனமும் ஒன்றாகின்றன. வீணாக்க மனம் வராமல் அதனைச் செக்குக்கு அனுப்புவர். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். சிறுபகுதி எண்ணெயோடு வரும். ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கையில் அது நீங்கும். வடிகட்டி மட்டும் விற்கப்படும் செக்கெண்ணெய்க்கு அவ்வாய்ப்பு இல்லை. செக்கெண்ணெயை நாடுவோர் பருப்பின் தரத்தைக் கேட்டறிவது நன்று. பிண்ணாக்கோ ஊறவைக்கப்பட்டுப் பசுவின் தொட்டிக்குச் செல்கிறது.

பசு தான் உண்ட பி1 நஞ்சைத் தன் கல்லீரலில் மாற்றி, அதில் ஒரு பங்கை எம்1 என்னும் வடிவில் பாலில் விடுகிறது. அப்பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுடைய பிண்ணாக்கை நாளொன்றுக்கு 2 கிலோ உண்ணும் பசு 400 மைக்ரோகிராம் பெறுகிறது. அதில் 2 விழுக்காடாகிய 8 மைக்ரோகிராம், அது கறக்கும் 10 லிட்டர் பாலில் கலந்தால் லிட்டருக்கு 0.8 ஆகும். இந்தியாவில் பாலுக்கு உரிய எல்லை 0.5, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. மற்ற உணவுகளைவிடப் பாலுக்கு எல்லையை இவ்வளவு இறுக்கமாக வைத்ததற்குக் காரணம், அதனை மிகுதியாக அருந்துவோர் குழந்தைகள் என்பதே.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டி ஆய்ந்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் எம்1 எல்லை மீறியிருந்தது. அவற்றுள் 88 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இங்கிருந்து எடுத்த மாதிரிகள் 551. எல்லை மீறிய மாநிலங்களின் வரிசையில் நம் மாநிலமே முதலில் நின்றது. பாலில் நீர் கலக்கிறார்கள் என்று அஞ்சிவந்த நாட்டில், கலப்படத்தைக் காட்டிலும் தீவனமே கவலைக்குரியது என்று அவ்வாய்வு காட்டியது. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இக்குறை மிகுந்திருந்தது. காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் எம்1 போவதில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்க.

ஆகவே காப்பு என்பது நிலத்திலும் களத்திலும் தொடங்க வேண்டும். காய் முற்றும் கடைசி வாரங்களில் வறட்சி நேர்ந்தால், பருப்பு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள் குன்றிப் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது ஒரு தண்ணீர் விட முடிந்தால் பயிர் தப்பும். ஓடு உறுதியாக இருப்பதும் ஒரு காப்பு. அதற்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். விதைத்த 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னதாகப் படிவது அந்த ஜிப்சமே. உப்பளத்தார் உப்புக்கு இடையூறென்று ஒதுக்குவது கடலைக்கு உரமாவதைக் காண்க!

ஆயினும் முதன்மையானது உலர்த்தலே. பொருளில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பூஞ்சைக்கு எட்டும் நீர் எவ்வளவு என்பதே முடிவு செய்யும். கருவாட்டில் நீர் உண்டு. உப்பு அதனைப் பிணித்துவைப்பதால் பூஞ்சைக்கு எட்டுவதில்லை. நன்கு உப்பிட்ட கருவாடு கெடாமைக்கும், உப்பைச் சிக்கனம் செய்த கருவாடு பூசணம் பிடிப்பதற்கும் இதுவே விளக்கம். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டாத பொருளில் இப்பூஞ்சை வளர இயலாது. உப்பு கசியும் எல்லை அதற்குச் சற்றுக் கீழே, 75இல் நிற்கிறது. கடலை எண்ணெய் நிறைந்தது. எண்ணெய் நீரைப் பிடித்து வைப்பதில்லை. அதனால் காயின் ஈரம் 8 விழுக்காட்டுக்குக் குறையும்வரை காயவேண்டும். மக்காச்சோளத்துக்கு 13 போதும். பிடுங்கிய செடிகளைக் காய் மேல்நோக்கும்படி இட்டு, ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் மெல்லப் பரப்பி, இரவில் மூடிவைப்பர் அறிந்தோர். உடைப்பதற்கு எளிதாகட்டும் என்று காய்ந்த கடலைமீது நீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. பல நாள் வெயிலின் உழைப்பை ஒரு குடம் நீர் கெடுத்துவிடும்.

மழைக்காலத்தில் களத்துக்கு உறுதியில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் உழவர்தம் கவனத்தைக் குறைகூற ஏது உண்டு? ஊர்ப்பொதுவில் கூரையிட்ட களமும் உலர்த்தியும் இருந்தாலன்றி அவரால் இயன்றது மிகக் குறைவு.

ஈரமானி இல்லாத வீட்டில் உப்பே கருவியாகும். நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளமும் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பும் இட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால்மணி நேரம் வைத்திருக்க வேண்டும். புட்டியின் உட்புறத்தில் உப்பு ஒட்டினால் சோளத்தின் ஈரம் 15 விழுக்காட்டைத் தாண்டியது. மாட்டுக்கோ கோழிக்கோ சேமித்துவைக்க அது இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் ஈரம் அவ்வெல்லைக்குக் கீழே வந்துவிட்டது. ஆயினும் நெடுநாள் சேமிப்பதற்கு மேலும் ஓரிரு வெயில் நன்று.

பூசணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் வைத்துத் தட்டிப் பசுவுக்கே இடுவதை நிறுத்திவிட்டால் பால் விரைவில் தேறிவிடும். நல்ல தீவனத்துக்கு மாறிய மூன்று நான்கு நாள்களில், பாலில் இருந்த எம்1 ஏறக்குறைய முற்றும் மறைந்துபோகும்.