குற்றம் காலிலா, கியர் பாக்ஸிலா?

“வண்டியில ஒண்ணும் இல்ல சார், நீங்க ஓட்டுற விதம் அப்படி.” ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கி, அது சிக்னலில் உதறத் தொடங்கியதும் சர்வீஸ் சென்டரில் போய் நின்ற பலருக்கு இந்தப் பதில் பழக்கமானது. பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்று கடன் வாங்கி எடுத்த வண்டி. கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கிறதே என்று மேனுவலைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. அதில் குறை சொன்னால், குறை உங்கள் காலில் என்கிறார்கள்.

இந்தப் பதிலை நீதிமன்றம் வரை இழுத்துப் போன ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் விற்ற ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் கார்களில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி இருந்தது. வண்டி கிளம்பும்போது உதறியது, சத்தம் போட்டது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தாமதித்து நகர்ந்தது. புகார் சொன்னவர்களில் பலரிடம், இது நீங்கள் ஓட்டும் பாணியால் வருவது என்றே சொல்லப்பட்டது. பெட்டியில் தரக் கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் சொன்னார்கள் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கும் செய்தி. வண்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கும், கையிலிருந்து பெரும் தொகை போட்டால்தான் மாற்று வண்டி கிடைத்தது. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். மனசாட்சிக்கு விரோதமாக நடந்துகொண்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு தனியாக நடந்தது. 2021-ல் வந்த தீர்ப்பு, கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது: எண்ணெய் கசியும் சீல்கள், கிளட்ச் தகட்டின் உராய்வுப் பொருள், கியரை இயக்கும் கணினிப் பலகை. அதோடு, பெட்டியின் வடிவமைப்பிலேயே வெப்பத்தைச் சமாளிக்கும் திறன் போதவில்லை என்றும் சொன்னது. இழப்பீட்டுக் கணக்கு 2024-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஈகோஸ்போர்ட் நமக்கு அந்நிய வண்டி அல்ல. சென்னையை அடுத்த மறைமலை நகரில் 2013 முதல் தயாரான வண்டி அது. இங்கும் அதன் பெட்ரோல் மாடலில் பவர்ஷிஃப்ட் இருந்தது. 2017-ல் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டு, டார்க் கன்வெர்ட்டர் வகைப் பெட்டியைப் பொருத்தினார்கள்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்? பவர்ஷிஃப்ட் போன்ற டூயல் கிளட்ச் பெட்டியில் இரண்டு கிளட்ச்கள். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்பதால், திண்டுக்கல் நெடுஞ்சாலையில் மாறுவதே தெரியாது. சிக்கல் நகரத்துக்குள்தான். இவற்றில், அந்த ஃபோர்டு கார்களில் இருந்த ‘டிரை’ வகையில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்காது. உலர்ந்த தகடுகள்தான் உரசும். பம்பரோடு பம்பர் ஒட்டி நகரும் போக்குவரத்தில், கார் தானாகவே அரை கிளட்சில் ஓடுகிறது. மேனுவல் வண்டியை மேம்பால ஏற்றத்தில் அரை கிளட்சிலேயே நிறுத்தி வைத்தால் ஒரு கருகல் வாசனை வருமே, அதே வேலையை இந்தப் பெட்டி அடி அடியாகச் செய்துகொண்டிருக்கிறது. முழுக் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கேட்கவே வேண்டாம். டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும், ஊர்ந்து போகும் நெரிசலை அது தாங்குகிறது.

ஓட்டுபவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கில் நிறுத்துங்கள். முன்வண்டி இரண்டடி நகர்ந்ததும் ஊராமல், இடைவெளி விழுந்தபின் நகருங்கள். ஆனால் சென்னையிலும் கோவையிலும் விற்கும் வண்டி, சென்னை, கோவை நெரிசலைத் தாங்கத்தான் வேண்டும். அதைத் தாங்காத பெட்டியை விற்றுவிட்டு, ஓட்டக் கற்றுக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

டூயல் கிளட்ச் மட்டுமல்ல, இன்னொரு ஆட்டோமேட்டிக் வகையான சிவிடி பெட்டியும் தொல்லை கொடுத்ததுண்டு. அமெரிக்காவில் நிஸானின் ஏழு பேர் அமரும் பாத்ஃபைண்டரில் சிவிடி அதிர்வு பெரும் புகாராகி, 2013 மாடல் தொடங்கி சில ஆண்டு வண்டிகளுக்கு அந்தப் பெட்டியின் வாரன்ட்டியை 84 மாதம் அல்லது 84,000 மைலாக நீட்டினார்கள். 2022 மாடலில் சிவிடியையே கைவிட்டார்கள். நம் நாட்டிலும் 2024-ல் ஹூண்டாய், சிவிடி பொருத்திய க்ரெட்டா, வெர்னா கார்களில் சிலவற்றை, எண்ணெய் பம்பின் மின்னணுக் கட்டுப்பாட்டைச் சோதிக்கத் தானே திரும்ப அழைத்தது. கேட்பதற்கு முன்பே அழைப்பதுதான் முறை.

அழைக்காத இடத்தில் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். இந்த உதறல் பெரும்பாலும் பெட்டி சூடேறிய பிறகுதான் வரும். காலையில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘குறை இல்லை’ என்பார்கள். மெக்கானிக்கை மாலை நெரிசலில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புகாரை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஓட்டும் விதம்தான் காரணம் என்று மறுபடியும் சொன்னால், அதையும் கையெழுத்திட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.