‘தெரியாது’ என்று சொல்லப் பழகினேன்

வானொலியில் மௌனம் பெரிய குற்றம். மூன்று விநாடி பேச்சு நின்றாலே தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். அதனால் ஏதாவது சொல்லி இடைவெளியை நிரப்புவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கம் சென்ற ஆண்டு எனக்குப் பெரிய செலவு வைக்கப் பார்த்தது.

மழை கொட்டிய ஒரு விடியற்காலை. காலை நிகழ்ச்சிக்காகக் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கத் தடத்தில் வந்த கார், சிக்னல் போடாமல் என் தடத்துக்குள் புகுந்தது. இடது முன்கதவு நசுங்கியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

அப்பாவுக்குப் போன் போடுவதற்குள் யாரும் கூப்பிடாமலே ஓர் இழுவை லாரி வந்து நின்றது. “கவலைப்படாதீங்க, எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்” என்று ஒருவர் ஒரு தாளை நீட்டினார். போனில் அப்பா சொன்னது ஒன்றுதான்: “எதுலயும் கையெழுத்துப் போடாதம்மா. காப்புறுதி கம்பெனிக்குக் கூப்பிடு.” கூப்பிட்டேன். அவர்களே லாரி அனுப்பி, தங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே போலீஸ் புகாரும் செய்தேன். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம்.

தவறு எதிர்த்தரப்பு மீது. இரண்டு கார்களுக்கும் முழுக் காப்புறுதி. இப்படிப்பட்ட நிலையில், நம் காப்புறுதி நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கோரலாம். இதை ‘நாக் ஃபோர் நாக்’ என்பார்கள். நமது என்.சி.டி. கழிவு குறையாது என்பதுதான் இதன் பெரிய நன்மை. என்னுடைய கழிவு 55 விழுக்காடு. தவறு என்னுடையது என்று முடிவாகியிருந்தால் அது சுழியத்துக்கு இறங்கி, 25, 30, 38.33, 45 என்று படிப்படியாக ஏறி மறுபடி 55ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சில நாள் கழித்துப் பட்டறைக்கு அட்ஜஸ்டர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தமிழர். என் குரலைக் கேட்டதுமே, “ரேடியோவுல வர்ற தங்கச்சிதானே?” என்று சிரித்தார். எனக்கும் தெம்பு வந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்: “எவ்வளவு வேகத்துல வந்தீங்க?”

நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஒரு நூறு இருக்கும்ணே” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கடைசியில் வாக்குமூலத்தை என்னிடம் நீட்டி, “படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க” என்றார். ‘100 கி.மீ.’ என்பதைத் தாளில் கண்டதும் எனக்குத் திக்கென்றது. அந்தச் சாலையின் வேக வரம்பைவிட அதிகம், அதுவும் மழையில்! காரில் தம்பி பொருத்தியிருந்த கேமரா வேகத்தையும் பதிவு செய்யும். அவர் முன்னாலேயே போட்டுப் பார்த்தோம். 72.

அந்த வரியை அடித்துத் திருத்திய பிறகு அவர் சொன்னார்: “தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க தங்கச்சி. நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்.”

அவர் எனக்கு எதிரி இல்லை. ஆனால் எனக்காக வந்தவரும் இல்லை. அவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் காப்புறுதி நிறுவனம். சேதத்தைப் பார்த்து, இருதரப்பு விவரங்களையும் சேர்த்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பது நிறுவனம்தான்.

கதவைக் கழற்றியபோது உள்ளே இருந்த இரும்புச் சட்டமும் வளைந்திருந்தது. முதல் மதிப்பீட்டில் அது இல்லை. உடனே வேலையை நிறுத்தச் சொல்லி, படம் எடுத்து, மறுபரிசோதனை கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் மறுபடி வந்து பார்த்தார்; கூடுதல் செலவுக்கும் அனுமதி கிடைத்தது. பழுதுபார்த்து முடித்த பிறகு கேட்டிருந்தால் அவரால் எதைப் பார்த்திருக்க முடியும்?

எனக்கு நன்மை செய்த சில பழக்கங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

• காரை நகர்த்துவதற்கு முன், ஆபத்தில்லை என்றால், இரண்டு கார்களும் சாலைக் கோடுகளும் எண் பட்டைகளும் தெரியும்படி படம் எடுங்கள்.

• நடந்ததை அன்றிரவே எழுதி வையுங்கள். போலீசில் சொன்னதும் அட்ஜஸ்டரிடம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• போனில் பேசியதை ஒரு சிறு மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்.

• கார் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கு எதிர்த்தரப்புக் காப்புறுதியிடம் ஈட்டுத்தொகை கோரலாம். எத்தனை நாள் என்று அட்ஜஸ்டர் பரிந்துரைப்பார். அதை அவரிடம் கேளுங்கள்.

• நிறுவனத்தின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவையிடம் ஆறு மாதத்துக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை.

ஒலிவாங்கி முன் இன்றும் என்னால் மூன்று விநாடி சும்மா இருக்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய தாள் எதிரில் இருந்தால், இப்போதெல்லாம் தாராளமாக மௌனமாக இருக்கிறேன்.