உடலும் உழைப்பும் – 9: சோற்றளவும் நடையளவும்

சென்ற வாரம் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதைப் பற்றிப் பார்த்தோம். அதனோடு கூடவே வரும் கொழுப்பின் கோளாற்றை இவ்வாரம் விசாரிப்போம்.

போடிநாயக்கனூரிலிருந்தும், பொட்டிபுரம் முதலிய அடிவாரக் கிராமங்களிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள், ஒரு காலத்தில் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து, செங்குத்தான மலைப்பாதைகளில் நடந்தே ஏறினார்கள். இன்றோ விடியுமுன் ஜீப் வந்து நின்று, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டித் தோட்டத்திலேயே இறக்கிவிடுகிறது. அந்தச் சிரமம் ஒழிந்ததற்கு நாம் மகிழ வேண்டுமேயன்றி வருந்தலாகாது. ஆனால், மலையேறிய தேகத்துக்கென்று வடித்த சோற்றை, ஏறாத தேகத்துக்கும் அளவு குறையாமல் இட்டுவருகிறோம் என்பதைத்தான் சிந்திக்க வேண்டும்.

போடியின் ஏலக்காய்க் கிடங்குகளில், தரையில் கொட்டிய காய்களைப் பருமனும் பச்சை நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களின் விரல்கள் ஒரு கணமும் ஓய்வதில்லை. மடக்கிய கால்களோ மணிக்கணக்கில் அசைவதில்லை. அவர்கள் உழைப்பும் களைப்பும் சத்தியமானவை. ஆயினும் இருதயத்துக்கு வேண்டிய அப்பியாசம் அதில் இல்லை. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்திய அறிஞர் 1953-இலேயே எடுத்துக் காட்டினார்.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பிரதேசங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேரே. ஆனால், இரத்தக் குழாய்களில் மிஞ்சிய கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு சேர்க்கும் எச்.டி.எல். என்னும் நல்ல கொலஸ்ட்ரால் குறைந்திருந்தவர்கள் 72 பேர்! டிரைகிளிசரைடு என்னும் மற்றோர் இரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களோ ஏறக்குறைய 30 பேர். எண்ணெயை மட்டும் குற்றவாளியாக்கி நிம்மதியடைவோர் இதை உணர வேண்டும்: தேவைக்கு மிஞ்சி உண்ட தீட்டிய அரிசிச் சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரலே டிரைகிளிசரைடாக மாற்றுகிறது, அது ஏற ஏற, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது.

ஆகவே பரிகாரமும் இரண்டு பக்கமாக அமைய வேண்டும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் பயறும் சேர்ப்பதும், ஒரு வேளை கம்போ கேழ்வரகோ உண்பதும், வனஸ்பதிப் பலகாரங்களையும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த வடை, போண்டாக்களையும் விலக்குவதும் ஒரு பக்கம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு சற்று வாங்கும்படி விரைந்து நடப்பது மறுபக்கம். பரம்பரையாகவே எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இவ்விரண்டும் அவசியமே எனினும் போதா. மருத்துவர் தந்த மாத்திரையை அவர்கள் தாமாக நிறுத்துவது விபரீதத்தில் முடியும்.

கிடங்குகளை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம்: மணிக்கொரு முறை ஐந்து நிமிஷம் எழுந்து நடக்க அந்தப் பெண்களுக்கு அனுமதி கொடுங்கள், அதைக் கூலியில் பிடிக்காதீர்கள். ஆரோக்கியத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் உபதேசித்துவிட்டு, அதற்குரிய நேரத்தை அவர்களுக்கு மறுப்பது தர்மமாகாது.

(தொடரும்)